கூடைப்பந்துப் பயிற்சிக்கு ஒரு பாடக்குறிப்பு

கோடை விடுமுறையில் நம் சிற்றூர்கள் சிலவற்றிலும் நகரங்களிலும் சமணச் சிறார்களுக்கு அறநெறி முகாம்கள் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். வழிபாடு எத்தனை மணிக்கு, பஞ்ச நமஸ்காரத்தின் பொருளை விளக்குபவர் யார், தீர்த்தங்கரர் வரலாறு எந்த நாளில் என்பனவெல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஒழுங்காக இடம்பெறுகின்றன. மாலைப் பொழுதுக்கு மட்டும் ‘விளையாட்டு’ என்னும் ஒற்றைச் சொல் எழுதப்பட்டிருக்கும். அவ்வேளை வந்ததும் கல்லூரியில் பயிலும் அண்ணன் ஒருவரோ அக்காள் ஒருவரோ பந்தைக் கையில் கொடுத்து ஆடச் சொல்லிவிட்டு நிழலில் அமர்ந்துவிடுகின்றனர். வலிமையுள்ள நால்வர் பந்தைத் தமதாக்கிக்கொள்கின்றனர். ஏனையோர் ஓரத்தில் நின்று பார்க்கின்றனர். கால் மணி நேரத்தில் பெண் குழந்தைகள் ஒவ்வொருவராகக் கலைந்துவிடுகின்றனர்.

கணக்குப் பாடத்தில் இவ்வாறு நடந்தால் நாம் பொறுப்போமா? நால்வர் கணக்கிட, பதினாறு பேர் வேடிக்கை பார்த்தால் அதனை வகுப்பு என்று எவரும் சொல்லமாட்டார். விளையாட்டுப் பயிற்சியும் ஒரு பாடமே. அதற்கும் நோக்கம், ஆயத்தம், படிநிலை, மதிப்பீடு ஆகியவை உண்டு. ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற பாடக்குறிப்பு முறையைக் கொண்டே, எட்டு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள இருபது குழந்தைகளுக்கு ஒரு மணி நேரக் கூடைப்பந்துப் பயிற்சியைத் திட்டமிடும் வகையை இங்குக் கூற முற்படுகின்றோம். பயிற்சி நடத்தப்போகும் இளைஞர்களோடு, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இதனைப் படிப்பது நலம்.

ஓர் ஆசிரியர் வகுத்த ஆட்டம்

கூடைப்பந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பல ஆட்டங்கள் தெருவிலும் வயலிலும் தாமாக வளர்ந்தவை. இவ்வாட்டமோ ஓர் ஆசிரியர் தம் வகுப்பின் தேவைக்காக வகுத்தது. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில், 1891 டிசம்பர் மாதத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை உருவாக்கினார். கடுங்குளிரால் வெளியே ஆட இயலாத பதினெட்டு மாணவர்கள் அவர் வகுப்பில் இருந்தனர். வெளியில் ஆடும் முரட்டு ஆட்டங்களை அறைக்குள் ஆடினால் காயம் ஏற்படும். முரட்டுத்தனம் எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். பந்தைக் கையில் ஏந்தி ஒருவன் ஓடுவதனால்தான் மற்றவன் அவனைப் பிடித்து வீழ்த்த முயல்கின்றான் என்று கண்டார். ஆகவே, பந்துடன் ஓடக் கூடாது என்று விதித்தார். இலக்கினைத் தலைக்கு மேல் வைத்தார். மேலே உள்ள கூடையில் பந்தை இட வேண்டுமாயின் வேகமாக வீசிப் பயனில்லை, மென்மையாக வளைத்து எறிய வேண்டும். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலை இடறுதல், அடித்தல் ஆகியவற்றை அவர் எழுதிய 13 விதிகளுள் ஒன்று விலக்குகின்றது. பிறரைத் துன்புறுத்தாதவாறு ஓர் ஆட்டத்தை அமைக்க முடியுமா என்னும் வினாவிலிருந்து பிறந்த ஆட்டம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இங்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வளையத்தின் உயரம் பத்து அடி. ஏன் பத்து அடி? அந்த உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றியிருந்த மாடத்தின் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. பீச் பழக் கூடைகள் இரண்டினை அதில் அடித்து மாட்டினர். கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஒருவர் ஏறி எடுக்க வேண்டியிருந்ததாம்! ஆக, பத்து அடி என்பது வளர்ந்த மாணவர்கள் பயின்ற ஒரு கூடத்தின் அமைப்பினால் நேர்ந்த அளவு. எட்டு வயதுக் குழந்தைக்கு அதுவே சட்டம் என்று எண்ணி, எட்டாத வளையத்தை நோக்கி எறியச் சொல்வதில் பொருளில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கான சிறுவர் கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டரை அடி உயரத்திலேயே அமைக்கப்படுகிறது. அவ்வசதி இல்லாத ஊரில் சுவரில் எட்டடி உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரைந்தாலும் போதும். அடி நீக்கிய மூங்கில் கூடையை உறுதியான கம்பத்தில் கட்டினாலும் நெய்ஸ்மித் ஐயா கோபித்துக்கொள்ளமாட்டார்.

இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாக, 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயிற்சி பெற்று வெளிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் பள்ளி மைதானங்களுக்கு ஆற்றிய பணி சிறியதன்று.

ஆயத்தம்

முதலில் பந்து. பெரியோர் ஆடும் ஏழாம் எண் பந்து ஏறத்தாழ 600 கிராம் எடையுள்ளது. சிறு குழந்தைகள் அதனை எறிய முயலும்போது உடலை முறுக்கி, இடுப்பிலிருந்து வீசுகின்றனர். அப்பழக்கம் படிந்துவிட்டால் பின்னர் நீக்குவது அரிது. ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ஐந்தாம் எண் பந்தே அவர்களுக்கு ஏற்றது. பந்துகள் ரப்பரிலும் செயற்கைத் தோலிலும் உண்மைத் தோலிலும் செய்யப்படுகின்றன. உயிர்த்தோலாலான பந்து நமக்கு வேண்டாம். அறத்தின் காரணமாக மட்டும் இதனைச் சொல்லவில்லை. தோல் பந்து உள்ளரங்க மரத்தளத்திற்காகச் செய்யப்படுவது, சிமெண்டுத் தரையிலும் மண் தரையிலும் விரைவில் கெட்டுவிடும். விலையும் மிகுதி. ரப்பர் பந்தே நம் தேவைக்குச் சிறந்தது. கடையில் வாங்கும்போது கேட்டுத் தெளிந்து வாங்குக.

ஐந்து பந்துகளாவது வேண்டும். ‘ஐந்து எதற்கு, ஒன்று போதாதா?’ என்று முகாமின் பொருளாளர் வினவுவார். அவருக்கு இக்கணக்கைக் காட்டுக. ஒரு பந்து, ஒரே வரிசை. ஒவ்வொருவர் முறைக்கும் 15 விநாடி ஆகுமெனக் கொண்டால், பத்து நிமிடத்தில் 40 முறை. இருபது குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு முறை. அதாவது பத்து நிமிடத்தில் ஒரு குழந்தை அரை நிமிடம் பயிற்சி பெற்று, ஒன்பதரை நிமிடம் வரிசையில் நிற்கின்றது. ஐந்து பந்தும் நால்வர் கொண்ட ஐந்து குழுக்களும் இருந்தால் அதே பத்து நிமிடத்தில் ஆளுக்குப் பத்து முறை. எம் கருத்தில், ஒரு பயிற்சி நன்கு அமைந்ததா என்பதை அளக்க இந்த ஒரு கணக்கே முதன்மையானது. பந்து தேய்ந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி, ஆண்டாய்வுக்கு மட்டும் வெளியே எடுத்த பள்ளியையும் யாம் கண்டதுண்டு. பந்து புதிதாகவே இருந்தது. பிள்ளைகளும் ஆட்டத்திற்குப் புதியவர்களாகவே இருந்தனர்.

அடுத்து வேளை. இதில்தான் நம் குடும்பங்களுக்கு உண்மையான இடர்ப்பாடு உள்ளது. பயிற்சி மாலை ஆறரைக்கு முடியுமாயின், கதிரவன் மறையுமுன் உண்ணும் குழந்தை இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். ‘இன்று ஒரு நாள் விளக்கொளியில் உண்ணட்டும்’ என்று தொடங்குவது வழக்கமாகிவிடும். அன்றேல், பயிற்சிக்கு வருவதே நின்றுவிடும். இதற்கு விடை குழந்தையிடம் இல்லை, திட்டமிடுவோரிடம் உள்ளது. நம் பகுதியில் டிசம்பர் மாதத்தில் கதிரவன் ஏறத்தாழ 5.45 மணிக்கும், மே மாதத்தில் 6.30 மணியளவிலும் மறைகின்றது. மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே உண்டு முடிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பும் மே மாதத்தில் 5.40 மணியளவிலும் உணவு முடிந்திருக்க வேண்டும். மே மாதப் பிற்பகல் வெயிலிலோ குழந்தைகளை ஓடவிடலாகாது. ஆகவே கோடையில் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரையும், பள்ளி நாட்களில் ஞாயிறு காலையிலும் பயிற்சியை வைப்பதே பொருத்தம். முகாமில் மாலை வேளைதான் வாய்க்கும் எனின், உணவை முதலில் நிறுத்திப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் பயிற்சியைக் குறுக்குக.

நோன்பு ஏற்றுள்ள குழந்தையை அன்று ஓடச் செய்யக் கூடாது. அக்குழந்தைக்கு ஊதல் ஊதும் பணியையோ புள்ளி எழுதும் பணியையோ அளிக்கலாம். வடிகட்டிய நீர் ஆடுகளத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை அனைவரும் அருந்துதல் கட்டாயம். தாகம் எடுத்தோர் மட்டும் குடிக்கலாம் என்றால் ஆட்டத்தில் மூழ்கிய குழந்தை குடிக்காது.

தரையைத் துடைப்பத்தால் மெதுவாகப் பெருக்குவது முதல் வேலை. சிறு கற்களும் கண்ணாடித் துண்டுகளும் நீங்கும். எறும்புச் சாரி இருந்தால் ஆடும் இடத்தைச் சற்றுத் தள்ளி அமைத்துக்கொள்ளலாம். வழியைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் ஈர்யா சமிதி துறவியர்க்கு உரியதெனினும், அதன் நிழல் இங்கே பிள்ளைகளுக்குத் தெரியட்டும். இப்பணியைக் குழந்தைகளே செய்வது நன்று. வளையல், தொங்கட்டான், கொலுசு, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்து அனுப்புமாறு தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றோம். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

பாடத்தின் வளர்ச்சி

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் பால பாடம். ஓடிப் பிடித்தல் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அதனைக் கொண்டு ஏழெட்டு நிமிடம் உடலைச் சூடேற்றலாம். ஒரு திருத்தம் மட்டும் தேவை: பிடிபட்டவர் வெளியேறக் கூடாது. ‘அவுட்’ ஆனவரை உட்கார வைக்கும் ஆட்டங்களில், முதலில் உட்காருவது யார்? மெதுவாக ஓடுபவர். பயிற்சி மிகுதியாக வேண்டியவரும் அவரே. அவரை உட்கார வைத்துவிட்டு, ஓடத் தெரிந்தவருக்கே மேலும் ஓட வாய்ப்பளிப்பது எவ்வகைக் கல்வி? பிடிபட்டவர் ஐந்து முறை குதித்துவிட்டு மீண்டும் ஆட்டத்தில் சேரட்டும்.

அடுத்து, நிற்கக் கற்பித்தல். பலர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஓடி வரும் குழந்தை ஊதல் கேட்டதும் இரு பாதங்களையும் ஒருசேர ஊன்றி, முழங்காலை மடித்து, தலையை நிமிர்த்தி நிற்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்பவர் முன்னோக்கிச் சாய்ந்து, அடுத்தவர் மீது மோதுவார். இடறலும் மோதலும் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்யப்படுவன அல்ல. நிற்கத் தெரியாமையால் நேர்வன. ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் காயங்கள் குறையும்.

பின்னர், பந்தைத் தரையில் தட்டிச் செல்லுதல். உள்ளங்கையால் அறையாமல் விரல் நுனிகளால் அழுத்த வேண்டும். பந்து இடுப்புக்கு மேல் எழக் கூடாது. கண் பந்தின் மீது இருக்கக் கூடாது என்று நூறு முறை சொன்னாலும் குழந்தை பந்தையே பார்க்கும். சொல்வதை விடுத்து, பயிற்றுநர் தம் கைவிரல்களை உயர்த்திக் காட்டி, ‘எத்தனை?’ என்று கேட்கட்டும். விடை சொல்வதற்காகக் குழந்தை தானே நிமிரும். இடக்கைக்கும் சம நேரம் தருக. குழுவில் பந்து கையில் இல்லாத மூவரும் எதிர்ப்பக்கத்தில் நின்று இவ்வாறு விரல் காட்டலாம்; அவர்களும் பாடத்திற்குள்ளேயே இருப்பர்.

பந்து கொடுத்தல் பத்து நிமிடம். நால்வரும் மூன்று மீட்டர் இடைவெளியில் சதுரமாக நிற்கட்டும். மார்பிலிருந்து இரு கைகளாலும், ஓரடி முன்வைத்து, எதிரிலிருப்பவர் மார்பை நோக்கித் தள்ளுவது முதல் வகை. தரையில் மோதி எழுமாறு கொடுப்பது இரண்டாம் வகை. இருவருக்கும் இடையிலுள்ள தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் பந்து தரையைத் தொட வேண்டும். பெறுபவர் கைகளை நீட்டிக் காட்டும்வரை கொடுப்பவர் காத்திருக்க வேண்டும் என்பதனை விதியாகவே வைக்கலாம். பார்க்காதவர் முகத்தில் பந்து படுவது இவ்விதியால் நின்றுவிடும். பெறுபவர் எளிதாகப் பெறுமாறு கொடுப்பதே நல்ல கொடை என்று அவ்விடத்திலேயே ஒரு சொல் சொல்லலாம். ஒரு சொல் போதும். பந்தை நிறுத்தி வைத்து அறவுரை ஆற்ற வேண்டாம்.

வளையத்தில் எறிதலை அருகிலிருந்தே தொடங்குக. இரண்டு அடித் தொலைவில் பத்துக்கு ஐந்து விழுந்த பின்னர் ஓரடி பின்னே செல்லலாம். இருப்பது ஒரே வளையமாயின் ஒரு குழு அங்கு எறிய, ஏனைய குழுக்கள் சுவர் வட்டங்களில் எறியட்டும்.

இவை ஒவ்வொன்றிலும் பயிற்றுநர் அரை நிமிடத்திற்கு மேல் பேசலாகாது. ஒருமுறை செய்துகாட்டி, உடனே செய்யவிட்டு, நடந்து சுற்றி வந்து, ஒரு குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துக. முழங்கையையும் முழங்காலையும் பார்வையையும் ஒருசேரத் திருத்தினால் குழந்தைக்குப் பந்தே மறந்துபோகும். பெயர் சொல்லி அழைப்பது பாதிப் பயிற்சி. முதல் நாளிலேயே இருபது பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம். இதனை வெட்டிவிட்டால் குழந்தைகள் மறுநாள் வரமாட்டார்கள். ஐவர் கொண்ட நான்கு அணிகள். களத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆட்டங்கள். இரு முனையிலும் தரையில் சுண்ணாம்பு வட்டம் வரைந்து, தம் அணியினர் ஒருவரை அதில் நிறுத்தி, அவர் கையில் பந்து சேர்ந்தால் ஒரு புள்ளி எனலாம். அணியின் மற்ற நால்வரும் ஒருமுறையேனும் பந்தைத் தொட்ட பின்னரே வட்டத்திற்குக் கொடுக்க வேண்டும் என்னும் விதி ஒன்றைச் சேர்த்தால், ஓரத்தில் நின்ற குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துப் பந்து கொடுக்கும் காட்சியைக் காணலாம். வல்லவனுக்கும் அப்போது மெலியவர் வேண்டியவராகின்றார். வெளியே நின்று ‘நீயே போடு, நீயே போடு’ என்று தம் மகனை நோக்கிக் கூவும் தந்தையர்க்கு ஒரு நாற்காலியும் புள்ளி எழுதும் ஏடும் கொடுத்துவிடுவது எம் அனுபவத்தில் நல்ல மருந்து.

முடிவில் அனைவரும் மெதுவாக ஒரு சுற்று நடந்து, நீர் அருந்தி, வட்டமாக அமரட்டும். ‘இன்று உனக்கு நன்றாகப் பந்து கொடுத்தவர் யார்?’ என்று இருவர் மூவரிடம் வினவலாம். குழந்தைகள் சென்றபின் பயிற்றுநர் ஐந்து நிமிடம் செலவிட்டுத் தம் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதி வைக்க வேண்டும்: எந்தப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை, எக்குழந்தை இன்று பந்தை மிகக் குறைவாகத் தொட்டது, எவர் வரவில்லை. மறுவாரப் பாடக்குறிப்பின் முதல் வரியில் அந்த இரண்டாம் குழந்தையின் பெயரை எழுதித் தொடங்குக. மூன்றாவதாக எழுதிய குழந்தையின் வீட்டிற்கு அன்று மாலையே ஒருவர் சென்று வரலாம்.