மோட்டாருக்கு ஒரு சிம் கார்டு

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து போக வேண்டும் என்பது கிணற்றுப் பாசனக்காரர்கள் நெடுநாளாக அனுபவித்த தண்டனை. டார்ச்சும் கம்புமாக, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து, ஸ்டார்டரை அழுத்திவிட்டு வந்து படுத்தால் அரை மணியில் கரண்ட் போயிருக்கும். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் கைபேசியால் மோட்டாரை இயக்கும் பெட்டி வந்தது. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வாலின் 'நானோ கணேஷ்' இந்தியாவில் இதற்கு முன்னோடிகளில் ஒன்று. இன்று மோட்டார் கடைகளில் 'மொபைல் ஸ்டார்டர்' என்று கேட்டால் நாலைந்து பெட்டிகளை எடுத்துப் போடுகிறார்கள்.

வாங்குமுன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி மோட்டாரைப் போடும், நிறுத்தும், மடை மாற்றாது. நெல்லுக்கும் மஞ்சளுக்கும் வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர் எப்படியும் மண்வெட்டியோடு வயலில் நின்றாக வேண்டும். அவருக்குப் பாதி நடைதான் மிச்சம். சொட்டுநீர் போட்ட தென்னந்தோப்பு, தொட்டியை நிரப்பும் போர், வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கிணறு ஆகியவற்றுக்கு முழுப் பலன் கிடைக்கும். நாம் அனுப்பும் கட்டளையைவிட, பெட்டி திருப்பி அனுப்பும் பதிலுக்குத்தான் நான் காசு கொடுப்பேன். 'ஒரு ஃபேஸ் இல்லை', 'தண்ணீர் வற்றி மோட்டாரை நிறுத்திவிட்டேன்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், காயில் எரிந்து ரீவைண்டிங் பட்டறைக்குப் போகும் செலவு தப்பும். ஆகவே கடையில் முதல் கேள்வி, "எந்தெந்த விஷயத்துக்கு மெசேஜ் வரும்?" என்பதாக இருக்கட்டும். கரண்ட் போனாலும் மெசேஜ் வர வேண்டுமானால் பெட்டிக்குள் பேட்டரி இருக்க வேண்டும்; அதையும் கேளுங்கள்.

முதலில் டவர், பிறகு சிம்

பெட்டி வாங்குவதற்கு முன்பே மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு உங்கள் கைபேசியில் டவர் எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் கிணற்று மேட்டிலும் தகரக் கொட்டகையிலும் சிக்னல் செத்துக் கிடக்கும். வெவ்வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் நாலு பேரைக் கூட்டிப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. எதுவுமே சரியாக எடுக்கவில்லை என்றால், நீளமான வயரோடு வரும் ஆன்டெனாவை வாங்கிக் கூரைக்கு மேலே ஏற்றிக் கட்டலாம்.

அடுத்தது சிம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மலிவான பெட்டிகளில் இருப்பது 2ஜி மோடம். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்தப் பெட்டியில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. ஏர்டெல், வி போன்றவைதான் அதற்கு ஒத்துவரும். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் 4ஜி பெட்டியே வாங்குங்கள் என்பது என் யோசனை. அதிலும் நீங்கள் போடப்போகும் சிம்மைக் கடையிலேயே செருகி, அழைப்பும் மெசேஜும் இரண்டுமே போய்வருகின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மோட்டாருக்கு யூடியூப் பார்க்கும் ஆசை கிடையாது. டேட்டா பேக் வீண் செலவு. டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) விதியைத் திருத்தியது. சிறப்பு ரீசார்ஜ்களுக்கு 90 நாளாக இருந்த உச்ச வரம்பும் அப்போது 365 நாளாக உயர்ந்தது. ஓராண்டுக்கு ஒரே தடவையாகப் போட்டுவிட்டு, முடியும் தேதியை மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். சித்திரை வெயிலில் பயிர் காயும்போதுதான் வேலிடிட்டி முடிந்தது தெரியவரும் என்ற நிலை வேண்டாம்.

பெட்டிக்குள் போடுமுன் அந்த சிம்மைச் சாதாரண கைபேசியில் போட்டு மூன்று வேலையை முடித்துவிடுங்கள். பின் லாக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிம்மில் தேங்கிய பழைய மெசேஜ்களை அழியுங்கள். இடம் நிரம்பியிருந்தால் புதுக் கட்டளை உள்ளே போகாது. மூன்றாவதாக, START 0 என்று 1909-க்கு மெசேஜ் அனுப்பி விளம்பரங்களைத் தடுத்துவிடுங்கள். யார் அழைத்தாலும் இயங்கும்படி விட்டுவைத்த பெட்டியை, கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பர அழைப்புகூடப் போட்டுவிடும்.

மானியம்

தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுத்துவருகிறது. தொகையும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உழவன் செயலியிலும் பாருங்கள். வாங்கிய பிறகு பில்லை எடுத்துக்கொண்டு போவது வீண் அலைச்சல். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இணைப்பு

இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்க உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி பழைய ஸ்டார்டருக்குப் பக்கத்தில் உட்காரும். பச்சை பட்டனுக்குப் பேரலலாக இரண்டு வயர், சிவப்பு பட்டனுக்கு சீரீஸாக இரண்டு வயர், மூன்று ஃபேஸையும் கவனிக்க மூன்று வயர். மோட்டாருக்குப் போகும் வயர் ஒன்று சி.டி. காயிலுக்குள் நுழைந்து போகும். ஆம்பியரை அளப்பது அந்தக் காயில்தான். கையால் நெம்பிப் போடும் பழைய ஆயில் ஸ்டார்டர் என்றால் இந்தப் பெட்டி வேலைக்கு ஆகாது. காண்டாக்டர் உள்ள ஸ்டார்டருக்கு முதலில் மாற வேண்டும். வேலை முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் பச்சை, சிவப்பு பட்டன்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். பெட்டி பழுதானாலும் கையால் போட்டால் மோட்டார் ஓட வேண்டும். எர்த் குழியும் ஒழுங்காக இருக்கட்டும். இடி மின்னலில் முதலில் போவது இந்த மாதிரி எலக்ட்ரானிக் சாமான்தான்.

எண்களும் அளவுகளும்

பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேர் எண்ணைப் பதிந்தால் போதும். பதிந்த பிறகு, பதியாத ஒரு எண்ணிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் அசையக் கூடாது. கட்டளைகளைப் புத்தகத்தில் உள்ளபடியே, இடைவெளிகூட மாறாமல் அடித்து அனுப்ப வேண்டும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும், தமிழ் 70 தான். பல பெட்டிகள் ஆங்கிலச் சுருக்கத்திலேயே பதில் அனுப்ப அதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில், மிஸ்டு கால் கொடுத்தால் போடும், தமிழில் பேசிப் பதில் சொல்லும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ட்ரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) அளவு வைப்பதுதான் முக்கியமான வேலை, அவசரப்படக் கூடாது. தண்ணீர் நிறைய வரும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று குறியுங்கள். மும்முனை மோட்டாருக்கு ஒரு ஹெச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்பது தோராயக் கணக்கு. சப்மெர்சிபிள் சற்றுக் கூட இழுக்கும். பிறகு தண்ணீர் குறைந்து குழாய் காற்றுத் தள்ளும்போது ஆம்பியர் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார்த்து உடனே நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே அளவை வையுங்கள். முழு அளவை ஒட்டி வைத்தால் வோல்டேஜ் லேசாக ஆடினாலே நின்றுபோகும். வற்றி நின்ற போரில் தண்ணீர் மறுபடி ஊற எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மறுபடி ஓடும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். கெப்பாசிட்டர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை இத்தோடு விட்டுவிட்டு, மூன்று ஃபேஸும் இருந்தால் மட்டும் ஓடும்படி வையுங்கள்.

கரண்ட் வந்ததும் தானே ஓடும் 'ஆட்டோ' வசதி பல பெட்டிகளில் உண்டு. கரண்ட் வந்த அதே நொடியில் ஊரே மோட்டார் போட்டால் வோல்டேஜ் சரியும். சில நிமிடம் தாமதம் கொடுங்கள். ஆட்டோவில் விட்டுவிட்டு ஊருக்குப் போவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இலவச மின்சாரம், தானே ஓடும் மோட்டார் இரண்டும் சேர்ந்தால் நிலத்தடி நீர் ரோட்டில் ஓடும். இத்தனை நிமிடம் ஓடி நிற்க வேண்டும் என்று டைமரும் சேர்த்து வையுங்கள்.

உயிர் விஷயம்

மோட்டார் எப்போது வேண்டுமானாலும், பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓடலாம் என்பது இந்தப் பெட்டி கொண்டுவரும் புது ஆபத்து. கிணற்றில் இறங்குகிறவர், ஸ்டார்டரைத் திறக்கிறவர், பைப்பைக் கழற்றுகிறவர் யாராக இருந்தாலும், மெயினை இறக்கி மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்து "மோட்டார் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்குவது போதாது. வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணும் பெட்டியில் பதிந்திருக்கும். "தானாக ஓடும் மோட்டார்" என்று மோட்டார் ரூம் கதவில் பெரிதாக எழுதுங்கள். கூலிக்கு வருகிறவர்களுக்கும் அதை வாயால் சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை இதேபோல் மெயினை இறக்கி ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிவிட்டு, பெட்டியையும் ஸ்டார்டரையும் திறந்து பாருங்கள். எறும்பும் பல்லியும் காண்டாக்டருக்குள் புகுந்து கிடக்கும். ஊதித் துடைத்து, வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். மூடி ஃபியூஸையும் மெயினையும் போட்டதும், வீட்டிலிருந்து ஒரு தடவை போட்டு நிறுத்தச் சொல்லி, பதில் மெசேஜ் வந்ததா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.