பஞ்சுக்குள் ஒரு குடித்தனம்

அன்புள்ள யாழினிக்கு,

மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர் என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு மூன்று வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன்: ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கு. ஆனால் நீ விடமாட்டாய், ‘ஏன் மாமா, ஏன் மாமா’ என்று துளைத்திருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றாய். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். கொளத்தூர் கடையில் உனக்கு எடுத்துக் காட்டிய பவர் ஃபில்டர் மணிக்கு 1000 லிட்டர் இழுக்குமாமே! உன் தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு 22 தடவை சுற்றிவரும். கப்பி மீன்களுக்கு அது வாஷிங் மெஷினில் குடியிருப்பது மாதிரி. சின்னத் தொட்டிக்கு மணிக்கு நாலைந்து தடவை சுற்றினாலே தாராளம். அதோடு, கப்பி குட்டி போடும். அந்த மோட்டாரின் வாய்க்குத் தப்புகிற குட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தண்ணீரைப் பளிச்சென்று வைப்பதற்குத்தான் ஃபில்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறேன்: கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது, பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. நைட்ரைட்டும் விஷம்தான். அதையும் தின்று, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. அந்த நைட்ரேட்டை நீ வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதையாவது பற்றிக்கொண்டு வாழத்தான் விரும்பும். அவற்றுக்கு ஓடுகிற தண்ணீரும் பிராணவாயுவும் வேண்டும். பஞ்சில் ஆயிரக்கணக்கான கண்ணறைகள் இருக்கின்றன, அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த வீட்டில் குடித்தனம் நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டி வாங்கிய மறுநாளே பத்து மீன் விட்டு, பத்தாம் நாள் அழுகிறவர்கள் கதை இதுதான்.

என் கதையையும் கேள். உன் வயதில் எனக்கும் ஒரு தொட்டி இருந்தது, அதில் ஏழு மோலி மீன். பஞ்சு பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்து அருவருத்து, குழாயடியில் வைத்துப் பளிச்சென்று ஆகும்வரை கசக்கினேன். போதாதென்று மொட்டைமாடி வெயிலில் காயவும் போட்டேன். மாலையில் மாட்டிவிட்டு, ஊரிலேயே சுத்தமான தொட்டி என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை எல்லா மோலியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரினும் வெயிலும் சேர்ந்து அந்தக் குடித்தனத்தையே காலி செய்திருந்தன என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. உன் அம்மாவைக் கேட்டுப் பார், அவள்தான் செத்த மீன்களை முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

ஆகவே பஞ்சைக் கழுவ ஒரே வழிதான். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் வாளியில் இருக்கும் அல்லவா, அதில் இரண்டு மூன்று தடவை பிழிந்துவிட்டு அப்படியே மாட்டு. பழுப்பு போகவில்லையே என்று கவலைப்படாதே. பஞ்சில் தண்ணீர் இறங்கினால் போதும்.

அடுத்தது காற்று. குமிழிகள் மேலே ஏறுவதைப் பார்த்தால் அவைதான் தண்ணீரில் காற்றைக் கரைக்கின்றன என்று தோன்றும். உண்மையில் குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அது மேலே வந்து உடைந்து தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்குகிறதே, அங்கேதான் பிராணவாயு உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. புதையல் பெட்டி திறந்து மூடுவது, முத்துக்குளிப்பவர் எழும்புவது மாதிரியான பொம்மைகளுக்குக் காசு கொடுக்காதே என்பது இதனால்தான் (ஆசையாக இருந்தால் ஒன்று வாங்கிக்கொள், நானும் வைத்திருந்தேன்). நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் மேற்பரப்பு அசையாத தொட்டியில் மீன்கள் திணறுவது இதனால்தான்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அது இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் செய்வதுதான். ஃபில்டர் குழாய்க்குள் ஏர் பம்பு அனுப்பும் குமிழிகள் கலந்ததும் அங்குள்ள தண்ணீர் லேசாகி மேலே போகிறது. வெளியே இருக்கும் கனத்த தண்ணீர் அந்த இடத்தை நிரப்பப் பஞ்சு வழியாக நுழைகிறது. தொட்டிக்குள் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. பஞ்சின் பக்கத்தில் துளித் தீனியைப் போட்டுப் பார்த்தால், அது மெல்ல நகர்ந்துபோய் ஒட்டிக்கொள்வது தெரியும்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, அலமாரித் தட்டில் வை. கீழே வைத்தால், கரண்ட் போன ராத்திரியில் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி பம்புக்குள்ளும் பிறகு தரையிலும் ஓடும். மேலே இடமில்லை என்றால் டியூபின் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று செருகு. விலை சொற்பம். எந்தப் பக்கம் பம்புக்கு, எந்தப் பக்கம் தொட்டிக்கு என்று குழம்பினால் வாயால் ஊதிப் பார்: காற்று உள்ளே போகிற முனை பம்பு பக்கம். ‘டர்ர்’ என்ற சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால், அறுந்த ரப்பர் செருப்பின் அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பம்புக்குக் கீழே வை.

எல்லோருக்கும் இதையேதான் சொல்வேனா என்றால், இல்லை. கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறவர்களிடம் இந்தச் சின்னப் பஞ்சு போதாது என்பேன். அது ஓயாமல் தின்று ஓயாமல் கழியும் மீன், அதற்கு உன் தொட்டியே போதாது. ஃபைட்டர் மீன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும். நீளமான துடுப்பை வைத்துக்கொண்டு நீரோட்டத்தில் அல்லாடும். அதற்குக் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வைத் திருகிக் குமிழியைக் குறைத்துவிட வேண்டும். உயிர்ச்செடி வைத்தால் பகலில் அவை பிராணவாயு தரும் என்று பம்பை நிறுத்திவிடாதே. விளக்கணைத்த பிறகு அவையும் மீன்களோடு சேர்ந்து மூச்சு வாங்கும்.

மீனை மட்டும் இப்போது வாங்காதே. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, குளோரினை நீக்கும் மருந்து போட்டு, பம்பை ஓடவிட்டு வை. அடுத்த ஞாயிறு வரும்போது என் தொட்டியில் ஒரு வருடமாக ஊறி, குடித்தனம் நிலைத்துவிட்ட பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவருகிறேன். அதை உன் பஞ்சுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, அன்றே கொளத்தூர் போய் நாலே நாலு கப்பி வாங்கிவரலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை, பையைத் திறந்தால் குளத்துச் சேறு மாதிரி வாடை அடிக்கும்.

அன்புடன்,
மாமா