ஆமை வேகக் கம்ப்யூட்டருக்கு வீட்டு வைத்தியம்

மாவாட்டி முடிச்சதும் கிரைண்டர் கல்லைக் கழுவாம விடுவோமா? கிணத்து மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் காது குடுத்துக் கேக்கற ஊர்க்காரங்க நாம. கம்ப்யூட்டரை மட்டும் வாங்கி வெச்ச நாள்ல இருந்து தொடறதே இல்லீங்க. அது திணற ஆரம்பிச்சா, "பழசாயிருச்சு, வேற வாங்கிடலாம்"னு கிளம்பிடறோம். காசை எடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் ஒரு தடவை செஞ்சு பாருங்க.

1. தினமும் ஷட் டவுன் பண்றோமேன்னு நிம்மதியா இருக்காதீங்க. விண்டோஸ் 10, 11-ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஓடிட்டு இருந்தா, ஷட் டவுன்ல சிஸ்டத்தோட ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சு, மறுநாள் அதையே எடுத்துக்கும். வாரம் ஒருதடவை ரீஸ்டார்ட் குடுங்க, பாதித் திணறல் அதுலயே போயிரும்.

2. ஆன் பண்ணிட்டு ஒரு டம்ளர் காபி குடிச்சு முடிச்சாலும் தயாராகலையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனா, கூப்பிடாத ஒறம்பரை மாதிரி எத்தனை புரோகிராம் வரிசையில நிக்குதுன்னு தெரியும். உங்களுக்குத் தெரிஞ்ச, தினம் தேவைப்படாததை மட்டும் டிசேபிள் பண்ணுங்க. பேர் புரியாததைத் தொட வேண்டாம்.

3. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில வர்ற காத்து உடுமலை, பல்லடம் காத்தாலைகளைச் சுத்தறதோட நிக்காதுங்க, நம்ம கேபினெட்டுக்குள்ளயும் மண்ணை வாரிக் கொட்டும். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் ஒட்டின வீடுன்னா பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம்னா தேங்காய் நார்த்தூள். ஃபேன்லயும், அதுக்குக் கீழ இருக்கற அலுமினியத் தகட்டுலயும் இது அப்பிக்கிச்சுன்னா சூடு வெளியேறாது. சூடு ஏறினா பிராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானாவே குறைச்சுக்கும், அதைத்தான் நாம 'பழசாயிருச்சு'ங்கறோம். ஆடி முடிஞ்சதும் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து தூசு தட்டுங்க. தறி ஓடற வீட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா.

4. லேத்துப் பட்டறை, பஞ்சர் கடை கம்ப்ரசர்ல காத்து அடிச்சுட்டு வந்துடலாம்னு தோணும். அந்தக் காத்துல தண்ணியும் எண்ணெய்ப் பசையும் கலந்து வரும், போர்டுக்கு ஆகாது. கையில புடிக்கற சின்ன புளோயரும், பெயின்ட் படாத மெல்லிசு பிரஷ்ஷும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பென்சிலால தடுத்துப் புடிச்சுக்கோங்க. தாறுமாறாச் சுத்தினா பேரிங் போயிரும்.

5. கேபினெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி பிளக்கையே உருவிடுங்க, சுவிட்சை மட்டும் அணைச்சா பத்தாது. அதோட இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. உடம்புல இருக்கற நிலை மின்சாரம் அதுல இறங்கிரும், ராம் பிழைச்சுக்கும்.

6. சிறுவாணித் தண்ணி நம்ம பெருமைதானுங்க, அதுக்காக அதை மானிட்டர் மேல தெளிக்க வேண்டாம். நைந்துபோன பழைய பருத்தி வேட்டித் துண்டை லேசா நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, ஸ்க்ரீனை அணைச்சுட்டுத் துடைங்க.

7. கேபினெட்டைத் தரையில வெச்சா சீமாறு கிளப்பற தூசு மொத்தமும் உள்ள போகும். ஒரு அடி உயரப் பலகை மேல ஏத்துங்க, பின்பக்கம் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தூசு படாம துணி போட்டு மூடற வீடுகள்ல, ஓடும்போதும் துணியை எடுக்காம விடறதைப் பாத்திருக்கேன். அது போர்வை போத்திட்டு வெயில்ல நிக்கற கதை.

8. கிரைண்டர், போர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் ஓடற லைன்லயே கம்ப்யூட்டரையும் மாட்டாதீங்க. மோட்டார் கிளம்பற நொடியில வோல்டேஜ் இறங்கும், கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகும், அடிக்கடி இப்படி ஆனா ஹார்ட் டிஸ்க் கெடும். யுபிஎஸ் இருக்குன்னு தைரியமா இருக்கறவங்க அதோட பேட்டரி வயசைப் பாருங்க: ரெண்டு மூணு வருஷத்துல அது வெறும் கனம்தான். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ல மாட்டவே மாட்டாதீங்க.

9. கேபினெட்டைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குதா? எர்த் சரியில்லைன்னு அர்த்தம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. வெயில் காலத்துல பொடக்காலி எர்த் குழியில ஒரு குடம் தண்ணி ஊத்தற பெரியவங்க பழக்கம் வீண் வேலை இல்லீங்க.

10. சி டிரைவ் கோடு சிவப்பாகிருச்சுன்னா வேகம் போச்சு. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல ஸ்டோரேஜ் போய் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' போட்டு விட்டா குப்பையை அதுவே கூட்டிரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நீங்களே பாருங்க. ஒரே ரேஷன் கார்டு பிடிஎஃப் ஏழு தடவை இறங்கியிருக்கும்.

11. ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டைப் பாதுகாப்பு இல்லை, ரெட்டைச் சுமை. விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்ங்கறது என் கட்சி.

12. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடறதைவிடப் பெரிய மாத்தம் வேற எதுவும் இல்லை. புது மிஷின் விலையில ஒரு சின்னப் பங்குதான் ஆகும். எஸ்எஸ்டி போட்டப்புறம் டீஃப்ராக் பண்ணாதீங்க, அது ஹார்ட் டிஸ்க்குக்கான வைத்தியம்.

13. 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோ மேல தூங்குது. எழுப்புங்க. எஸ்எஸ்டி மாத்தி, ராம் கூட்டி, லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டா பசங்க பாடத்துக்கும் ஈபி பில் கட்டவும் தாராளம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், பழைய மிஷின்ல அது இருக்காது. கடையில 'கிராக்' விண்டோஸ் போட்டுத் தர்றேன்னா வேண்டாம்னு சொல்லுங்க, கூடவே என்ன வரும்னு தெரியாது.

14. ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து ஆன் பண்ணினா தேதி பல வருஷம் பின்னால போய், எந்த வெப்சைட்டும் திறக்கலையா? நெட்காரங்களைத் திட்டாதீங்க. மதர்போர்டுல இருக்கற சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், கடிகாரக் கடையிலயே கிடைக்கும்.

15. ஆன் பண்ணினா பீப் சத்தம் மட்டும் வந்து திரை இருட்டா இருந்தா, ராமைக் கழட்டி அதோட தங்க நிறப் பல்லைப் பென்சில் அழிக்கற ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, துகளை ஊதிட்டு மாட்டுங்க. சர்வீஸ் சார்ஜ் மிச்சம்.

16. திருப்பூர்ப் பக்கம் வீட்டுலயே ஜாப் ஒர்க் கணக்குப் பாக்கறவங்க, சனிக்கிழமை கூலி போட்டு முடிச்ச கையோட டேலி பேக்கப்பைப் பென் டிரைவ்ல எடுத்துருங்க. பென் டிரைவைக் கம்ப்யூட்டர்லயே சொருகி வெக்காம பீரோவுல வைங்க.

17. "உங்க கம்ப்யூட்டர் ஸ்லோ, வைரஸ் இருக்கு"ன்னு யாராச்சும் போன் பண்ணினாலோ, திரையில நம்பர் வந்தாலோ நம்பாதீங்க. மிஷினை அணைங்க. காசு போயிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

18. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்கறது நல்ல வழக்கம், முழுசாச் சுத்தம் பண்ண அதைவிட நாள் கிடைக்காது. சந்தனம், குங்குமத்தைக் கேபினெட்டோட நெத்தியில வைங்க, காத்துப் போற ஓட்டைப் பக்கம் போகாதீங்க. போன வருஷம் எங்க வீட்டு ஃபேனுக்குள்ள இருந்து ஒரு ஸ்பூன் விபூதி எடுத்தேனுங்க.