ஒரே பெட்டியில் மூன்று கார்

கேள்வி: ஹாட் ராட் கார்களின் பிளாஸ்டிக் மாடல் கிட் எங்கே, எதற்காகத் தொடங்கியது?

பதில்: முதலில் நிஜக் காரைப் பார்த்துவிடுவோம். பழைய காரை மலிவாக வாங்கி, வேகத்துக்கு உதவாததையெல்லாம் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு முறுக்கேற்றித் திரும்பக் கட்டியதுதான் ஹாட் ராட். பிறந்த இடம் தெற்குக் கலிபோர்னியா. மியூராக், எல் மிராஜ் என்று அங்கே வறண்ட ஏரிப் படுகைகள் மைல்கணக்கில் தட்டையாகக் கிடக்கின்றன. வார இறுதியில் இளைஞர்கள் காரை அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினைக் கொடுத்திருந்தது. அந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கியதும் இளைஞர்கள் கைக்கு வந்துசேர்ந்தன. 1937இல் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவாகி, அந்த ஓட்டங்களுக்கு நேரம் குறித்து ஒழுங்கு செய்தது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழ் வெளிவந்தது.

மாடல் கிட் இந்த வழியில் வரவில்லை. அது வந்தது கார் விற்கும் ஷோரூமிலிருந்து. அதே 1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் வெஸ்ட் கல்லோக்லி என்ற வழக்கறிஞர் ஏ.எம்.டி. நிறுவனத்தைத் தொடங்கினார். 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கம் அது. அந்த ஆண்டின் புது ஃபோர்டு காரைக் கையகலத்தில் செய்து டீலர்களுக்குக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அலுமினியம் சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு இடம்விட்டது. நிஜக் காருக்கு அடித்த அதே நிறங்களில் இந்தக் குட்டிக் கார்கள் வந்தன. வாங்க வந்தவர் நிறம் பார்ப்பார், கூட வந்த பையன் விளையாடுவான். அன்றைய பிளாஸ்டிக்கில் ஒரு குறை இருந்தது. வருடங்கள் போகப்போகக் காரின் முதுகு வளைந்துவிடும். பிறகு வந்த பாலிஸ்டைரீனில்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

காரைச் சின்னதாக அச்செடுக்க அச்சு தயார். அதைப் பூட்டி முடிக்காமல் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றால் என்ன? 1958இல் ஏ.எம்.டி. அதைத்தான் செய்தது. பெட்டியின் மேல் '3 இன் 1' என்று போட்டார்கள்.

கேள்வி: அந்த மூன்று எவை? அப்படி என்ன பெரிய புதுமை?

பதில்: கம்பெனியிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்காரக் காராகக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம். மூன்றுக்கும் வேண்டிய பாகங்கள் ஒரே பெட்டியில் இருக்கும். ஆனால் பாடி ஒன்றுதான். ஆகவே எதைக் கட்டினாலும் கைநிறையப் பாகங்கள் மிஞ்சும். மிஞ்சுகிற இந்தப் பாகங்களில்தான் இந்தக் கலையே பிறந்தது என்பேன்.

அதற்கு முன்பும் கார் கிட்கள் இருந்தன. கலிபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் 1950களின் தொடக்கத்திலேயே 'ஹைவே பயனியர்ஸ்' என்ற வரிசையில் பழங்காலக் கார்களை 1/32 அளவில் கொடுத்தது. சிகாகோவின் மோனோகிராம் நிறுவனமும் அந்தப் பத்தாண்டின் நடுவில் பிளாஸ்டிக் பந்தயக் காரோடு களத்தில் இறங்கியது. அவற்றில் படத்தைப் பார்த்து ஒட்டினால் படத்தில் இருப்பது வரும், அவ்வளவுதான். 3 இன் 1 பெட்டியைத் திறந்த பையனோ முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுத்த முடிவுபடி கட்டி முடித்தபின் மிஞ்சிய சக்கரம், எஞ்சின், பம்பர் எல்லாம் ஒரு டப்பாவுக்குப் போகும். அடுத்த மாதம் வாங்கும் காரில் இந்த மாதத்து எஞ்சின் ஏறும். பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் எஞ்சினை இன்னொரு காரில் பொருத்திப் பார்த்த கலிபோர்னியா இளைஞன் செய்ததும் இதேதான். லைசென்ஸ் எடுக்கும் வயது வராத பையனுக்கு அதே வேலை சாப்பாட்டு மேஜையில் வாய்த்தது.

இதைச் சாத்தியமாக்கிய தொழில்நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையார் செய்யும் அச்சைப் பார்த்திருப்பீர்கள். களிமண்ணை அழுத்தி நேராக எடுத்தால் முகப்பு மட்டும் பதிந்து வரும். பக்கவாட்டில் குழிவான வேலைப்பாடு இருந்தால் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். கார் பாடிக்கும் இதே சிக்கல்தான். கதவுக் கோடு பக்கத்தில் இருக்கிறது, கிரில் முன்னால் இருக்கிறது, டிக்கி பின்னால் இருக்கிறது. ஆகவே பல கிட்களில் இடது பக்கம், வலது பக்கம், கூரை என்று தனித்தனியாகத் தந்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிய இடமெல்லாம் தழும்பு. ஏ.எம்.டி. காரர்கள் பயன்படுத்திய அச்சில் பக்கச் சுவர்களே துண்டு துண்டாக நகரும். பிளாஸ்டிக் பாய்ந்து இறுகியதும் நான்கு பக்கமும் மேற்புறமும் விலகும். பாடி ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். இந்த முறையை மாடல் கார்களுக்குக் கொண்டுவந்த பெருமை ஜார்ஜ் டோடெஃப் என்பவருக்குத் தரப்படுகிறது. பின்னாளில் இவரே எம்.பி.சி. என்ற போட்டி நிறுவனத்தையும் தொடங்கினார். இவருடைய பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: சில கிட்களில் 1/24, சிலவற்றில் 1/25. ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: டீலர்களுக்கான மாடல்கள் 1/25 அளவில் இருந்தன. அதிலிருந்து வந்த கிட்களும் அதையே தொடர்ந்தன. மோனோகிராம் எடுத்துக்கொண்ட 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற எளிய கணக்கு. 1932 ஃபோர்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். அது 1/25இல் சுமார் 10.8 செ.மீ., 1/24இல் சுமார் 11.2 செ.மீ. வித்தியாசம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. எஞ்சின், சக்கரம், சீட் எல்லாம் தாராளமாக இடம் மாறலாம். ஃபிரேமையும் பாடியையும் மாற்றும்போது மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தும் 'சாப்' வழக்கம் எப்படி வந்தது? மாடலில் அதைச் செய்வது கஷ்டமா?

பதில்: ஏரிப் படுகையில் வந்த வழக்கம் இது. கூரை தாழ்ந்தால் காற்று மோதும் பரப்பு குறையும், வேகம் கூடும். பிறகு வேகத்தை மறந்து அழகுக்காகவே அறுக்கத் தொடங்கினார்கள். பாரிஸ் சகோதரர்களான ஜார்ஜும் சாமும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடத்திய பட்டறை இதற்குப் பேர்போனது. டிங்கரிங் வேலையில் சாம் பாரிஸின் கை பெரிய கை. ஜார்ஜ் பாரிஸ் பிற்பாடு ஏ.எம்.டி.க்கு ஆலோசகராகி, தன் பட்டறையின் அலங்காரங்களைக் கிட்களுக்குள்ளும் கொண்டுவந்தார். 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஓக்லண்ட் கண்காட்சியில் அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் பட்டம் வென்ற, அவர் பட்டறையில் உருவான 'அலா கார்ட்' காரும் ஏ.எம்.டி. கிட்டாக வந்தது.

மாடலில் செய்வதைச் சொல்கிறேன். நிஜக் காரில் 3 அங்குலம் தாழ்த்துவது 1/25இல் 3 மில்லிமீட்டர். கூரையைத் தாங்கும் தூண்களில் மெல்லிய டேப்பை இரண்டு வரியாகச் சுற்றி ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி எல்லாத் தூண்களிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டேப்பின் ஓரத்தை ஒட்டிக் கத்தியின் முதுகால் மெதுவாகக் கீறிக்கொண்டே வாருங்கள். தடம் விழுந்தபின் நுண் ரம்பம். அழுத்தினால் முன் கண்ணாடித் தூண் ஒடிந்துவிடும், ரம்பம் தன் எடையிலேயே அறுக்கட்டும். நடுத்துண்டை எடுத்துவிட்டுக் கூரையை இறக்கி வையுங்கள்.

1932 ஃபோர்டாக இருந்தால் பெரும்பாலும் பொருந்திவிடும், அதன் தூண்கள் கிட்டத்தட்டச் செங்குத்தானவை. 1949 மெர்குரியில் வேலை இதோடு முடியாது. அதன் தூண்கள் சாய்ந்து நிற்பதால் கூரையை இறக்கியதும் மேலே குட்டையாகவும் கீழே நீளமாகவும் நிற்கும். கூரையையே குறுக்கே அறுத்து, இடையில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்ட வேண்டும். பின்கண்ணாடியையும் முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். நிஜ மெர்குரியை அறுத்தவர்களுக்கும் இதே தலைவலிதான். அதனால்தான் அந்தக் கார் முதல் கிட்டுக்கு ஏற்றதல்ல.

ஒட்டிய பிறகு பட்டி பார்ப்பது, 400, 600 என்று உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது. பிரைமர் காய்ந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சரியாகிவிட்டது என்று நினைத்த தழும்பு அங்கே தெரியும். மறுபடியும் பட்டி. பொறுமையிழந்து பெயின்ட் அடித்தால் பளபளப்பு ஏற ஏறத் தழும்பும் எடுப்பாகிவிடும்.

கேள்வி: கிட்டில் வரும் பளபளக்கும் பாகங்கள் உண்மையில் குரோமியமா?

பதில்: இல்லை, அலுமினியம். காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கினால், அரக்குப் பூசி வைத்த பாகங்களின் மேல் மிக மெல்லிய படலமாகப் படியும். சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அங்கே படலம் இல்லை. பம்பரின் கண்ணில் படும் இடத்தில் அது வந்துவிட்டால் மனசு கேட்காது. அப்போது வீட்டில் துணிக்குப் போடும் பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியம் முழுக்கக் கரைந்துவிடும். பாகத்தைச் சீராக்கி, உலோக வண்ணம் புதிதாக அடித்துக்கொள்ளலாம். ஜன்னலைச் சுற்றிய பீடிங்குக்கு முதுகில் பசையுள்ள மெல்லிய அலுமினியத் தாள் கிடைக்கிறது. ஒட்டி, பல்குச்சியால் நீவி, புது பிளேடால் ஓரத்தை வெட்டி உரித்தால் கோடு நூல் பிடித்தாற்போல் வரும். பிளேடு பழசானால் தாள் கிழியும்.

கேள்வி: நிஜக் காருக்கு முன்பே பொம்மை வந்த கதை ஒன்று உண்டாமே?

பதில்: உண்டு. வழக்கமாக நிஜக் கார் முன்னே, கிட் பின்னே. எட் ராத் என்ற கலைஞர் ஃபைபர் கிளாஸில் 'அவுட்லா', 'பீட்னிக் பாண்டிட்' என்று விசித்திரமான கார்களைத் தன் கையாலேயே உருவாக்கினார். ரெவெல் அவற்றை அப்படியே கிட்டாக்கியது. கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குமிழ்க் கூரையும் ஸ்டீயரிங்குக்குப் பதில் ஒற்றைக் குச்சியுமாக 1961இல் வந்த பீட்னிக் பாண்டிட், 1968இல் வெளியான முதல் 16 ஹாட் வீல்ஸ் கார்களிலும் ஒன்று. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஹாட் வீல்ஸுக்கு இப்படி ஒரு மூதாதை.

'ரெட் பேரன்' இதற்கு நேர் எதிர். டாம் டேனியல் காகிதத்தில் வரைந்த கார் அது. முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் இரும்புத் தொப்பியே அதன் கூரை. விமான எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். 1968இல் மோனோகிராம் அதை 1/24 கிட்டாக வெளியிட்டது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் கண்காட்சி நடத்துபவர்கள் விழித்துக்கொண்டு, டெட்ராய்ட்டின் சக் மில்லரைக் கொண்டு முழு அளவுக் காரைக் கட்டச் செய்தார்கள். விமான எஞ்சினுக்குப் பதில் அதில் பாண்டியாக்கின் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறியது. பொம்மையைப் பார்த்து நிஜம் கட்டப்பட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம். பெட்டியைத் திறந்து தன் இஷ்டத்துக்குக் கட்டிய பையன்களின் கற்பனை அவ்வளவு தூரம் போயிருந்தது.

கேள்வி: கிட் ஒட்டும் பழைய பசையில் ஏன் கடுகு நெடி?

பதில்: பழைய டெஸ்டர்ஸ் பசை ட்யூபைத் திறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாடல் பசை பிளாஸ்டிக்கின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது, ஒருவகை வெல்டிங். அதற்கான கரைப்பான், அந்நாளில் டொலுயீன். 1960களில் அமெரிக்கச் சிறுவர்கள் போதைக்காக இதை முகரத் தொடங்கினார்கள், உயிர்களும் போயின. 1969இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரச் சத்தைச் சேர்த்தது. மூக்கருகே கொண்டுபோனால் கண்ணில் நீர் வந்துவிடும். இப்போதைய பசைகள் வேறு கலவை. ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். கண்ணாடிப் பாகத்துக்கு மட்டும் இந்தப் பசை ஆகாது, படலம் படிந்து மங்கிவிடும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை போதும்.

கேள்வி: அந்தப் பழைய கிட்கள் இன்றும் கிடைக்குமா?

பதில்: சில கிடைக்கும். ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்கள் இன்று ரவுண்ட் 2 என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. பழைய அச்சுகளிலிருந்தே மறுபடி வார்த்துத் தருகிறார்கள். ஆண்டுதோறும் வந்த புதுக் கார்களின் கிட்கள்தான் அரிது. அடுத்த ஆண்டுக் காருக்காக அதே அச்சைச் செதுக்கி மாற்றிவிடுவார்கள் என்பதால், போன ஆண்டின் கார் அந்த அச்சிலிருந்து திரும்ப வர வழியே இல்லாமல் போயிற்று.

தொடங்குகிறவர்களுக்கு ரெவெல் 1990களில் புதிதாக அச்செடுத்த 1/25 அளவு 1932 ஃபோர்டு வரிசையைச் சொல்வேன். பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும். முதல் காரை அறுக்காமல் கட்டுங்கள். மிஞ்சும் பாகங்களுக்கு ஒரு டப்பா எடுத்து வையுங்கள். இரண்டாவது காருக்கு அதிலிருந்து ஓர் எஞ்சின் எடுத்தாலே போதும், ரம்பம் தானாகக் கைக்கு வந்துவிடும்.