ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும் தையல்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டிசைன் போடலாம்?" என்றுதான். நான் பழகியதும் அந்த வழியில்தான். கட்டம் போட்ட தாளில் வரைந்து, வண்ணம் தீட்டி, அளந்து வெட்டிய பிறகே ஊசியை எடுப்போம். அதில் அழகான போர்வைகள் வரும், மறுக்கமாட்டேன். ஆனால் யோசனை எல்லாம் தாளிலேயே தீர்ந்துவிடும். துணிக்கு வரும்போது மிச்சம் இருப்பது உழைப்பு மட்டும்தான்.

என்னை வேறு பக்கம் திருப்பியது கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யெல்லாபூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டு ஊர்களில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வை அது. அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலர் போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

அங்கே ஒரு அக்கா தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் பழைய பருத்திச் சேலை ஒன்றை விரித்திருந்தார். அதுதான் அடித்துணி. ஒரு மூலையில் தொடங்கினார். அடித்துணியின் ஓரத்தையும் மேலே வைக்கும் துண்டின் ஓரத்தையும் உள்ளே மடக்கி, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போனார். துண்டு முடியும் இடத்தில் அடுத்ததை எடுத்து, அதன் விளிம்பை மடக்கி, முந்தையதன் பிசிர் மறையும்படி மேலே வைத்தார். இப்படியே நான்கு ஓரமும் சுற்றிவந்து, பிறகு அதற்கு உள்சுற்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. கடைசியில் நடுவில் வந்து முடிகிறது. துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே தையலில் நடக்கிறது. சட்டம் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஓரப்பட்டி தனியாக வேண்டாம். நான்கு மூலையிலும் 'பூலா' என்று சிறு வண்ணத்துணிகளை மடித்து வைத்துத் தைக்கிறார்கள். அது இல்லாத கவந்தி அவர்களுக்கு முழுமையான கவந்தி இல்லை.

"அடுத்தது என்ன நிறம்?" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார், நகர்த்தினார், வேறொன்றை வைத்தார், தைத்தார்.

அன்று எனக்குப் பிடிபட்டது இதுதான்: அவர் கட்டுப்பட்டிருந்தது ஒரே ஒரு விதிக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அந்தந்த நொடியில் கையும் கண்ணும் தீர்மானித்துக்கொண்டன. ஒரு விதியும் இல்லாமல் உட்கார்ந்தால் கை ஓடாது. பத்து விதிகளோடு உட்கார்ந்தால் கை வெறும் கருவியாகிவிடும்.

இதே உண்மை நேர் எதிர்த் திசையிலும் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் இருக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தைக்கும் போர்வைகளில் 'ஹவுஸ்டாப்' என்றொரு வகை உண்டு. நடுவில் ஒரு கட்டம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக வெளியே வளர்த்துக்கொண்டு போவார்கள். அங்கேயும் விதி ஒன்றுதான். பட்டை அகலமா குறுகலா, நேரா கோணலா என்பதெல்லாம் தைப்பவர் விருப்பம். 1972இல் அவர்களுடைய தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. எல்லா உறையும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய வேலை. மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் வீட்டுக்குப் போயின. அந்தத் துண்டுகளில் வீட்டுக்கென்று தைத்த போர்வைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. துணி அதே துணி, கையும் அதே கை. 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின.

நீங்கள் தொடங்குவதானால், துணியில் மட்டும் கறாராக இருங்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலை, வேட்டி, லுங்கி நல்லது. ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். புதுத்துணியானால் ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகே சேருங்கள். சுருங்குகிற ஒரே ஒரு துண்டு பக்கத்தில் உள்ளதையெல்லாம் இழுத்துவிடும். சுங்கடிபோல் சாயம் போகக்கூடியதை ஈரமாக்கி, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பனியன் துணியைத் தனியாக எடுத்து வையுங்கள். அது நீண்டு கொடுக்கும், நெய்த துணியோடு ஒத்துப்போகாது.

நிறத்தில் பயம் இருந்தால் துண்டுகளைப் பரப்பி, செல்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். கண்ணுக்கு அடித்துக்கொள்ளும் சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். நிறம் மாறினாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் போர்வை தட்டையாகத்தான் தெரியும். அடர்ந்ததன் பக்கத்தில் வெளிறியது வந்துவிட்டால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் சேரும். "இது அதுக்கு மேட்ச் ஆகாது" என்ற கடைப் பேச்சை மறக்க எனக்கு இது மிகவும் உதவியது.

இன்னொன்று, அளவுகோலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். விரல்கடை, சாண் போதும். வரிசை சற்று வளைந்தால் அடுத்த சுற்று அந்த வளைவையே பிடித்துக்கொண்டு போகட்டும். பிரிக்கத் தோன்றும், நான்கைந்து துண்டுகள் தாண்டும்வரை பொறுங்கள். பெரும்பாலும் அந்த வளைவுதான் போர்வைக்கு அசைவைக் கொடுக்கும்.

முதலில் கட்டில் அளவுக்குப் போகாதீர்கள். கைக்குழந்தைக்கு விரிக்கும் அளவு, மூன்றடிக்கு மூன்றடி போதும். சுற்று குறைவு என்பதால் நடுப்பகுதியைச் சீக்கிரம் எட்டிவிடுவீர்கள். அங்கே மிஞ்சும் இடம் சதுரமாக இருக்காது, நினைத்த அளவிலும் இருக்காது. அதற்கென்று உங்களுக்கு மிகவும் பிடித்த துண்டு ஒன்றை வெட்டாமல் வைத்திருங்கள். இடத்தைப் பார்த்த பிறகு கத்திரிக்கோலை எடுங்கள்.