நெஞ்சு வலிக்காத மாரடைப்பு

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரைவிட, "ஒண்ணுமில்ல சிஸ்டர், நேத்துலேர்ந்து ஒரே அசதி" என்று தானே நடந்து வரும் சர்க்கரை நோயாளியைக் கண்டால்தான் பயம். முன்னவருக்கு வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். பின்னவர் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்.

வலி இல்லையென்றால் லேசான அட்டாக் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1990களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு நெஞ்சு வலியே இல்லை. அவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 23 சதவீதம். வலியோடு வந்தவர்களில் 9 சதவீதம்தான். போர்ச்சுகலில், ரத்தக்குழாய் முழுதாக அடைபடாத வகை மாரடைப்பு வந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோதும் இதே கதை. நெஞ்சு வலியோடு வந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மூச்சுத் திணறல் அல்லது அசதியோடு வந்தவர்களில் 76 சதவீதம்.

இவர்கள் அதிகம் இறப்பதற்குச் சிகிச்சையில் ஏற்படும் தாமதம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பெண்கள், நரம்பு மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள். மூச்சு வாங்குகிறது என்றால் இதயம் ஏற்கெனவே தளர்ந்து, நுரையீரலில் நீர் தேங்க ஆரம்பித்திருக்கலாம்.

ஒருநாள் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். நெஞ்சு வலிக்குதா என்றால் இல்லை என்கிறார். "நேத்து வரைக்கும் செஞ்சு, இன்னைக்குச் செய்ய முடியாமப் போனது என்னம்மா?" என்று கேட்டேன். "குடத்தை எடுத்துட்டு நாலு படி ஏற முடியல. ராத்திரி படுத்தா மூச்சடைக்குது, சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்தேன்" என்றார். மகன் கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்திருந்தார். வியர்வையில் ஈசிஜி மெஷினின் ரப்பர் குமிழ்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன. துடைத்துத் துடைத்து ஒட்டினோம். மாரடைப்பேதான்.

அந்த அம்மாவிடம் நான் கேட்ட கேள்வியை நீங்களும் வீட்டில் கேட்கலாம். பதில் திடீர் மாற்றத்தைக் காட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "கேஸ்" என்று நீங்களே முடிவு சொல்லாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, சர்க்கரை எத்தனை வருடமாக என்று மட்டும் சொன்னால் போதும். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் கிளம்பிவிடவும் கூடாது; சிறிது நேரம் கழித்து மறுபடி எடுத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை மாரடைப்புக்கு முதல் டோஸாகக் கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால்தானே அதைக் கையில் எடுப்பார்கள்!

டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வலியை அனுபவித்தவர் மாத்திரையை மறப்பதில்லை. வலிக்காதவர், "எனக்கு அப்படி ஒண்ணும் வரலியே" என்று சில மாதத்தில் நிறுத்திவிடுகிறார். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் மாரடைப்பு என்று எழுதியிருக்கும் வரியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சடைக்காமல் படுக்க இன்னொரு தலையணை தேவைப்பட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்திருந்தால் பல் பிடுங்கப் போகும்போதுகூட, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.