கார்முகிலும் மின்கம்பியும்

மழைக்கு முன்னர்த் தோன்றும் வானத்தின் அழகை வியவாதார் இலர். ஆயின் அவ்வானத்தின் குறுக்கே செல்லும் மின்சாரக் கம்பிகளைப் படமெடுப்போர் பெரும்பாலும் இடையூறென்று வெறுப்பர். அவ்வெறுப்புத் தக்கதன்று என்பதையும், முகிலையும் கம்பியையும் ஒருங்கே படமாக்கும் முறையையும் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

திருநெல்வேலியினின்று நாகர்கோயில் செல்லும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உளது. மலைகளுக்கிடையே காற்று விசையுடன் புகுதலின் அப்பகுதியிற் காற்றாலைகள் மிகப் பல நிற்கின்றன. அவை ஆக்கும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கோபுரங்களும் நிரைநிரையாக நிற்கின்றன. ஐப்பசித் திங்களில் ஒருநாட் பிற்பகல் மாணவர் சிலருடன் யாம் அங்குச் சென்றோம்.

முதற்கண் அறியவேண்டுவது ஒளியின் திசை. கதிரவன் கம்பிகளுக்குப் பின்னே நின்றால் அவை கரிய கோடுகளாகத் தோன்றும். அவன் நமக்குப் பின்னே மேற்கில் நிற்க, கருமுகில் கிழக்கே திரண்டிருப்பின், அக்கம்பிகளே வெள்ளியிழைபோல் ஒளிரும். கம்பி ஒன்றே, ஒளி வரும் திசை மாறக் காட்சியும் மாறுகின்றது.

இரண்டாவது, ஒளியின் அளவு. காமிராவிலுள்ள ஒளிமானி தான் காண்பது எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு அளவு கூறும். கருமுகிலை நோக்கி அதனை நம்பினால் கருமை வெளுத்துவிடும். எம் முதற்படங்கள் அங்ஙனமே கெட்டன. பின்னர் அது கூறிய ஒளியிற் பாதியே புகவிட்டு எடுத்தபோது, முகில் தன் கனத்தோடு தோன்றியது.

வானும் நிலமும் ஒரே படத்தில் நன்கு அமைதல் முற்காலத்தில் அரிதாயிருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீலவொளியை மிகுதியாகப் பற்றினமையின் வானம் வெறுவெளியாகப் போயிற்று. 1850-களில் பிரெஞ்சு நாட்டவராகிய குஸ்தாவ் லெ கிரே என்பார் கடலை ஒரு தகட்டிலும் வானை மற்றொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் இணைத்துப் படமாக்கினார். 1920-களில் அமெரிக்கராகிய ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் முகில்களையே பொருளாகக்கொண்டு படத்தொடர் ஒன்று எடுத்தார்.

மூன்றாவது, பொருளின் இயல்பறிதல். மும்மூன்றாகச் செல்வன மின்சாரம் தாங்கும் கம்பிகள். கோபுர உச்சியில் ஓடும் மெல்லிய கம்பியோ, மின்னல் தாக்குங்கால் அதனைத் தான் ஏற்று நிலத்துட் செலுத்தும் காவற்கம்பியாம். இரு கோபுரங்களுக்கிடையே கம்பி தொய்யும் வளைவும் கணிதநூலோரை மயக்கியதொன்று. அதன் மெய்யுருவை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி என்னும் மூவரும் கண்டு வெளியிட்டனர். தொலைவில் நின்று, தூரப்பொருளை அண்மையிற் காட்டும் வில்லையால் நோக்கின், கோபுரங்கள் நெருங்கி அவ்வளைவுகள் அலைகள்போல் அடுக்கித் தோன்றும்.

இனிக் கூறுவது யாவற்றினும் தலையாயது. மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குக. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடியோ அதனினும் குறைவோ ஆயின், மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் உளது. உடனே கட்டிடத்துள்ளோ மூடிய மோட்டார் வண்டியுள்ளோ புகுதல் வேண்டும். இறுதி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளிவரலாம். மரத்தடியும் கோபுரத்தடியும் புகலிடம் ஆகா. அறுந்து கிடக்கும் கம்பியை உயிரற்றதென்று எண்ணி அணுகலாகாது. அதனைச் சூழ்ந்த நிலமும் கொல்லும்.

அன்று மாலை முகிலின் அடியில் ஒரு கோபுரநிரை முழுவதும் பொன்னொளி பெற்றது. அப்போதே மின்னலும் தோன்றியது. மாணவர் ஒருவர் எண்ணத் தொடங்கி, 25 என்றபோது இடி கேட்டது. "ஐயா, ஒரே ஒரு படம்" என்று மற்றொருவர் இரந்தார். யாம் இசைந்திலோம், அனைவரும் வண்டியுட் புகுந்தோம். கண்ணாடியில் மழைநீர் வழிய, அக்காட்சி சிறிது சிறிதாக மறைந்தது.

அன்று எடுத்த படங்களில் நல்லன நான்கே. யாவற்றினும் சிறந்தது எடுக்கப்படாமலே போயிற்று. எனினும் சென்றோர் அனைவரும் அன்றிரவு விடுதியில் ஒருங்கு அமர்ந்து உண்டோம். கம்பிகள் வழியே வந்த விளக்கொளியில் அந்நான்கு படங்களையும் கண்டு மகிழ்ந்தோம். படம் கேட்டு இரந்த அம்மாணவரும் உடனிருந்து மகிழ்ந்தார்.